எல்லா மாணவர்களும் கற்க வேண்டியது எது?

1919 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், நியூயோர்க் நகரின் கொலம்பியா கல்லூரிக்குள் புதிதாக நுழைந்த மாணவர்கள் அனைவரும் ஒரு பாடத்தைக் கட்டாயமாகக் கற்க வேண்டியிருந்தது. மருத்துவராக விரும்பியவருக்கும் சட்டத்தரணியாக விரும்பியவருக்கும் பொறியியலில் நாட்டம் கொண்டவருக்கும் அதில் விதிவிலக்கு இருக்கவில்லை. வாரத்தில் ஐந்து நாட்களும் அதற்கு வகுப்பு நடைபெற்றது. 'சமகால நாகரிகம்' என்பது அப்பாடத்தின் பெயர். வரலாறு, தத்துவம், பொருளியல், அரசியல் ஆகிய துறைகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் கூடி அதனை வகுத்திருந்தனர். மாபெரும் மண்டபத்தில் ஒருவர் பேச நூற்றுக்கணக்கானோர் குறிப்பெடுக்கும் விரிவுரையாக அது அமையவில்லை. மாணவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஆசிரியரைச் சுற்றி அமர்ந்து விவாதித்தார்கள்.

முதலாம் உலகப்போர் முடிவடைந்து அப்போது ஓராண்டு கூட நிறைவடைந்திருக்கவில்லை. இத்தகைய பேரழிவுக்குள் உலகம் எவ்வாறு வந்து சேர்ந்தது, மீண்டும் அங்கு செல்லாதிருக்க ஒரு குடிமகன் எவற்றையெல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்ற கவலையே அந்தப் பாடத்துக்கு அடிப்படையாக இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட பின்னரும் அப்பாடம் அதே பெயரில் அதே கல்லூரியில் கட்டாய பாடமாக நீடிக்கிறது.

ஒரு பல்கலைக்கழக மாணவர் எந்தத் துறையில் பட்டம் பெறச் சென்றாலும், அவர் கற்றேயாக வேண்டிய பொதுவான பாடங்கள் சில இருக்க வேண்டுமா? இருக்க வேண்டுமென்றால் அவை எவை? அவற்றைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? ஐக்கிய அமெரிக்காவில் 'பொதுக்கல்வி' என்று அழைக்கப்படும் இந்த விவகாரம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஓயாத ஒரு சர்ச்சையாக இருந்து வருகிறது. வெறும் பாடவிதானம் பற்றிய நிர்வாகப் பிரச்சினை போன்று தோன்றினாலும், அதன் வரலாற்றைக் கூர்ந்து நோக்குபவர்களுக்கு வேறொன்று புலப்படும். ஒரு சமுதாயம் தனது எதிர்காலம் குறித்து அஞ்சுகின்ற ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் இந்தக் கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது.

யேலும் வட்டுக்கோட்டையும்

எல்லோருக்கும் பொதுவான பாடங்கள் என்ற எண்ணம் அமெரிக்கர்களின் கண்டுபிடிப்பு அல்ல. மத்தியகால ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களில் இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய உயர் பீடங்களுக்குச் செல்ல விரும்பியவர்கள் பொதுவாகக் கலைப் பீடத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. இலக்கணம், தருக்கம், அணியியல் ஆகிய மூன்றும் எண்கணிதம், கேத்திரகணிதம், இசை, வானியல் ஆகிய நான்கும் சேர்ந்து 'ஏழு கலைகள்' எனப்பட்டன. 1636 இல் நிறுவப்பட்ட ஹாவர்ட் உட்பட அமெரிக்காவின் ஆரம்பகாலக் கல்லூரிகள் இந்த மரபையே இங்கிலாந்தின் வழியாகப் பெற்றுக்கொண்டன. மாணவர்கள் அனைவரும் ஒரே பாடங்களை ஒரே ஒழுங்கில் கற்றார்கள். கிரேக்கம், இலத்தீன், கணிதம், இயற்கைத் தத்துவம் என்று சென்று, இறுதி ஆண்டில் கல்லூரித் தலைவரே கற்பிக்கும் அறவியலுடன் கல்வி நிறைவெய்தியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு எதிராகக் குரல்கள் எழுந்தன. தொழில்களும் வணிகமும் வேகமாக வளரும் ஒரு புதிய நாட்டில் வழக்கொழிந்த மொழிகளை எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்கப்பட்டது. அதற்குப் பதிலளிக்கும் முகமாக 1828 இல் யேல் கல்லூரி ஓர் அறிக்கையை வெளியிட்டது. கல்லூரி எந்தத் தொழிலுக்கும் ஆள் தயாரிக்கும் இடமல்ல, எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான அத்திபாரத்தை இடும் இடமே அது என்பதும், தகவல்களை நிரப்புவதை விட மனத்தைப் பழக்குவதே முதன்மையானது என்பதும் அதன் வாதத்தின் சாரம். பல தசாப்தங்களுக்கு அமெரிக்கக் கல்லூரிகளின் வேதம் போன்று அந்த அறிக்கை விளங்கியது.

இந்த இடத்தில் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. யேல் அறிக்கை எழுதப்படுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, அந்த அறிக்கை தாங்கிப்பிடித்த கல்விமுறை கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. 1823 இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியையே குறிப்பிடுகிறேன். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். கிறிஸ்தவ மதபோதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதே நிறுவியவர்களின் நோக்கம் என்பதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், அங்கு கற்ற மாணவர்கள் விவிலியத்துடன் தமிழ், ஆங்கிலம், அட்சரகணிதம், கேத்திரகணிதம், வானியல், இயற்கைத் தத்துவம், தருக்கம் எல்லாவற்றையும் கற்றார்கள். நியூ இங்கிலாந்துக் கல்லூரியில் கிரேக்கமும் இலத்தீனும் இருந்த இடத்தில் பெருமளவுக்குத் தமிழ் அமர்ந்துகொண்டது.

1855 இல் அந்த செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள் மிசன் பணிக்கு வராமல் அரசாங்க உத்தியோகங்களுக்குச் சென்றுவிடுகிறார்கள் என்ற மனக்குறை மிசன் தலைமையிடம் இருந்தது. மூடப்பட்டு இரண்டே ஆண்டுகளில், 1857 இல், புதிதாக நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பட்டதாரிகளாகத் தேறிய சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்களே. தாமோதரம்பிள்ளை அரசாங்கக் கணக்குத் துறையில் பணியாற்றினார். புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏடுகளில் இருந்து மீட்டு அச்சேற்றினார். ஒரே மனிதர் கணக்கிலும் சட்டத்திலும் பழந்தமிழ்ப் பதிப்பிலும் நிலைத்து நின்றார் என்றால் அதற்கு அவரது தனித்திறமையே முதற்காரணம். எனினும் எல்லாவற்றையும் தொட்டுச் சென்ற அந்த ஆரம்பக் கல்விக்கும் அதில் ஒரு பங்கு இருக்கவே செய்தது.

எலியட் திறந்துவிட்ட கதவு

அமெரிக்காவில் பழைய முறையை உடைத்தவர் ஓர் இரசாயனவியலாளர். 1869 இல் தனது 35 ஆவது வயதில் ஹாவர்டின் தலைவராகப் பதவியேற்ற சார்ள்ஸ் வில்லியம் எலியட், 40 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். மாணவன் தனக்கு எது வேண்டும் என்பதைத் தானே தெரிவுசெய்ய வேண்டும் என்பது அவரது கொள்கை. கட்டாய பாடங்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. 1897 அளவில் முதலாம் ஆண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியைத் தவிர அநேகமாக எல்லாமே விருப்பத்தெரிவுப் பாடங்களாகிவிட்டிருந்தன.

எலியட்டின் சீர்திருத்தத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. இயற்கை விஞ்ஞானங்களும் நவீன மொழிகளும் வரலாறும் பொருளியலும் பல்கலைக்கழகத்துக்குள் உரிய இடத்தைப் பெறுவதற்கு அந்தக் கதவு திறக்கப்பட்டேயாக வேண்டியிருந்தது. 1876 இல் தொடங்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஜேர்மனிய முறையிலான ஆராய்ச்சிக்கு முதன்மை கொடுத்ததும் அதே காலகட்டத்தில்தான். ஆனால், சுதந்திரத்தை மாணவர்கள் எவ்வாறு பயன்படுத்தினார்கள் என்பது வேறு விடயம். பலர் இலகுவான பாடங்களை அள்ளிக்கொண்டார்கள். எந்த ஒன்றையும் ஆழமாகக் கற்காமலும், அருகிலிருந்த மாணவனுடன் பொதுவாகப் பேசுவதற்கு ஒரு நூல்கூட இல்லாமலும் பட்டம் பெற்று வெளியேறுவது சாத்தியமாகியது.

1909 இல் எலியட்டுக்குப் பின்னர் தலைவரான அபொட் லோரன்ஸ் லோவல், ஒரு துறையில் ஆழமும் ஏனைய துறைகளில் பரவலும் இருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தார். பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இன்று பின்பற்றும் முறையின் மூலம் அதுவே. ஓய்வுபெற்ற எலியட்டும் அதே காலத்தில் ஒரு வேலை செய்தார். உலகின் சிறந்த நூல்களைத் தெரிந்தெடுத்து 50 தொகுதிகளாக வெளியிட்டார். ஐந்து அடி நீளமான ஒரு புத்தகத் தட்டில் அடங்கும் நூல்களை நாள்தோறும் சிறிது நேரம் வாசித்தால் எவரும் கல்விமானாகலாம் என்பது அத்தொகுப்பின் வாக்குறுதி. கல்லூரிக்குள் பொதுப் பட்டியலை ஒழித்தவர், கல்லூரிக்கு வெளியே ஒரு பொதுப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தார் என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

போரின் பிள்ளை

கொலம்பியாவின் 'சமகால நாகரிகம்' நேரடியாகப் போரிலிருந்து பிறந்தது. 1917 இல் அமெரிக்கா போரில் இறங்கியது. மறு ஆண்டில் கல்லூரி வளாகங்கள் பலவும் இராணுவப் பயிற்சிக் களங்களாக மாற்றப்பட்டன. பயிற்சி பெறும் மாணவர்கள் எதற்காகப் போராடுகிறார்கள் என்பதை விளக்குவதற்காக 'போர் விவகாரங்கள்' என்ற பாடம் கட்டாயமாக்கப்பட்டது. எதிரி யார், அவன் ஏன் எதிரி என்பதைச் சொல்லிக்கொடுப்பதே அதன் வேலை. பிரசாரம் என்பதற்கும் அதற்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கவில்லை.

போர் முடிந்ததும் கொலம்பியாவின் ஆசிரியர்கள் சிலர் வேறு விதமாகச் சிந்தித்தார்கள். போரை விளங்கப்படுத்த எல்லா மாணவர்களையும் ஒரே வகுப்பில் இருத்த முடியுமென்றால், சமாதானத்தை விளங்கப்படுத்த ஏன் முடியாது? அந்தக் கேள்வியின் விடையே 1919 இன் பாடம். இராணுவம் விரும்பிய விடைகளை ஒதுக்கிவிட்டு, ஒன்றாக அமர்ந்து கற்கும் வடிவத்தை மாத்திரம் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பொதுக்கல்வியின் வரலாறு முழுவதிலும் மிகவும் கவனிக்கத்தக்க தருணம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

போர்க்களத்தில் இருந்து திரும்பிய இன்னொருவரும் அங்கு இருந்தார். பிரான்ஸில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினருக்காக போன் என்ற நகரில் நடத்தப்பட்ட கல்வித் திட்டத்தில் பணியாற்றிய ஜோன் எர்ஸ்கின் என்ற ஆங்கிலப் பேராசிரியர், 1920 இல் வாரம் ஒரு பெருநூல் என்ற முறையில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். ஹோமரை ஒரு வாரத்தில் படித்து முடிப்பதா என்று சக பேராசிரியர்கள் நகைத்தார்கள். அந்த நூல்கள் நிபுணர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல, சாதாரண மனிதர்களுக்காக எழுதப்பட்டவையே என்பது எர்ஸ்கினின் நிலைப்பாடு. அவரது வகுப்பின் வழித்தோன்றலாக 1937 இல் இலக்கியத்துக்கான பொதுப் பாடமும் கொலம்பியாவில் கட்டாயமாக்கப்பட்டது.

எர்ஸ்கினின் வகுப்பில் மாணவராக இருந்த மோர்ட்டிமர் அட்லர் அந்தச் சிந்தனையை சிக்காகோவுக்கு எடுத்துச்சென்றார். அங்கு 1929 இல் 30 வயதில் தலைவராகிய ரொபேர்ட் ஹட்சின்ஸ், எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் மனிதனுக்குப் பொதுவான உண்மைகள் உண்டு, அவற்றைப் பெருநூல்களில் தேட வேண்டும் என்று வாதிட்டார். 1936 இல் வெளியான அவரது நூலைத் தத்துவஞானி ஜோன் டூயி கடுமையாக விமர்சித்தார். மாறாத உண்மைகள் இவையென்று முடிவுசெய்யும் அதிகாரத்தை ஒருவர் கையில் எடுத்தால், கல்வி எங்கே போய் முடியும் என்பது டூயியின் அச்சம். சர்வாதிகாரிகள் ஐரோப்பாவை ஆண்டுகொண்டிருந்த காலம் அது என்பதையும் மனதிற்கொள்ள வேண்டும்.

ஓர் இரசாயனவியலாளரும் ஒரு பௌதிக மாணவரும்

இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1943 இல், ஹாவர்டின் தலைவர் ஜேம்ஸ் கொனன்ற் பொதுக்கல்வி பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தார். அவரும் ஓர் இரசாயனவியலாளர். அணுகுண்டு உருவாக்கத்தின் மேற்பார்வையில் முக்கிய பங்கு வகித்தவர். குழுவின் அறிக்கை 1945 இல் சிவப்பு அட்டையுடன் வெளியானது. 'செந்நூல்' என்றே அது பின்னர் அறியப்பட்டது. சுதந்திர சமுதாயத்தில் வாழப்போகும் எல்லோருக்கும் பொதுவான ஒரு மரபும் பொதுவான ஒரு மொழியும் தேவை என்பது அதன் மையக்கருத்து. 1944 இன் சட்டம் ஒன்றின் உதவியுடன் போரில் இருந்து மீண்ட ஏறத்தாழ 22 இலட்சம் பேர் கல்லூரிகளுக்குச் சென்றார்கள். முன்னர் வசதி படைத்தோரின் பிள்ளைகள் மாத்திரம் அமர்ந்த வாங்குகளில் விவசாயிகளின், தொழிலாளர்களின் பிள்ளைகள் வந்து அமர்ந்தார்கள். பொதுக்கல்வி என்ற சொல்லுக்கு அப்போது ஒரு புதிய கனம் ஏற்பட்டது.

விஞ்ஞானம் படிக்காத மாணவர்களுக்கு விஞ்ஞானத்தை எவ்வாறு கற்பிப்பது என்ற பிரச்சினைக்கு கொனன்ற் தாமே ஒரு வழி கண்டார். சூத்திரங்களை மனனம் செய்விப்பதற்குப் பதிலாக, பழைய கண்டுபிடிப்புகளின் வரலாற்றை எடுத்து, விஞ்ஞானிகள் எவ்வாறு தடுமாறி உண்மையைச் சென்றடைந்தார்கள் என்று காட்டுவதே அது. அந்த வகுப்புக்கு உதவியாக, பௌதிகவியலில் கலாநிதிப் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரை அவர் அழைத்தார். வகுப்புக்குத் தயார் செய்வதற்காக 1947 இல் அரிஸ்டோட்டிலின் பௌதிகத்தை வாசித்த அந்த இளைஞருக்கு முதலில் அது அபத்தமாகத் தோன்றியது. இவ்வளவு பெரிய மேதை இவ்வளவு தவறாக எழுதியிருப்பாரா என்று குழம்பினார். பின்னர், அரிஸ்டோட்டில் அசைவு என்ற சொல்லால் முற்றிலும் வேறொன்றைக் குறித்தார் என்பது அவருக்கு விளங்கியது. அந்த இளைஞரே தோமஸ் கூன். 1962 இல் வெளியாகி, விஞ்ஞானம் பற்றிய உலகத்தின் பார்வையையே மாற்றிய 'விஞ்ஞானப் புரட்சிகளின் அமைப்பு' என்ற நூலின் வித்து அன்று விழுந்தது. நூலை அவர் கொனன்றுக்கே சமர்ப்பணம் செய்தார்.

பொதுக்கல்வி மாணவர்களின் நேரத்தை விரயமாக்குகிறது என்று குறைகூறுபவர்கள் இந்த நிகழ்வை நினைத்துப் பார்க்க வேண்டும். தனது துறைக்கு வெளியே உள்ளவர்களுக்கு விளங்கவைக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமே ஒரு பௌதிகவியலாளரைத் தனது துறையின் அடிப்படைகளை மீளச் சிந்திக்கவைத்தது.

யாருடைய நாகரிகம்?

1960 களின் கிளர்ச்சிகள் இந்தப் பொதுப் பாடங்களின் மீதும் திரும்பின. வியட்நாம் போரையும் இன ஒதுக்கலையும் எதிர்த்து வீதிக்கு வந்த மாணவர்கள், தங்கள் வகுப்பறையில் யாருடைய நாகரிகம் கற்பிக்கப்படுகிறது என்று கேட்டார்கள். பிரவுண் பல்கலைக்கழகம் 1969 இல் பொதுக் கட்டாய பாடங்களை முற்றாகக் கைவிட்டது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 1930 களில் இருந்து நடத்திவந்த மேற்கு நாகரிக வரலாற்றை அதே ஆண்டு கட்டாயப் பட்டியலில் இருந்து நீக்கியது. 1980 இல் 'மேற்குக் கலாசாரம்' என்ற பெயரில் அது திரும்பி வந்தது.

வந்த வேகத்திலேயே சர்ச்சையும் வந்தது. 1987 ஜனவரியில் கறுப்பினத் தலைவர் ஜெஸி ஜக்சன் முன்னே நடக்க, சுமார் 500 பேர் ஸ்டான்போர்ட் வளாகத்தில் அப்பாடத்துக்கு எதிராக ஊர்வலம் சென்றார்கள். கறுப்பினத்தவர்களும் பெண்களும் ஆசியர்களும் எழுதிய எதுவும் நாகரிகத்தில் அடங்காதா என்பது அவர்களின் கேள்வி. 1988 மார்ச்சில் பல்கலைக்கழகத்தின் பேரவை 39 க்கு 4 என்ற வாக்குகளால் பாடத்தை மாற்றியது. மேற்கத்தைய நாகரிகத்தின் வீழ்ச்சி என்று ஒரு தரப்பினர் கூக்குரலிட்டார்கள். கல்வியமைச்சராக இருந்த வில்லியம் பெனற் ஸ்டான்போர்டுக்கே சென்று கண்டித்தார். உண்மையில் பழைய நூல்களில் பல தொடர்ந்தும் கற்பிக்கப்பட்டன. அவற்றுக்குப் பக்கத்தில் புதியவை வந்து சேர்ந்தன.

கொலம்பியாவும் தப்பவில்லை. அங்குள்ள பட்லர் நூலகத்தின் முகப்பில் ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டோட்டில் என்று ஆண்களின் பெயர்களே கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1989 இல் மாணவிகள் அப்பெயர்களுக்கு மேலே சப்போ முதலிய பெண் எழுத்தாளர்களின் பெயர்கள் பொறித்த நீண்ட பதாகையைத் தொங்கவிட்டார்கள். கொலம்பியா கல்லூரி மாணவிகளை அனுமதிக்கத் தொடங்கியதே 1983 இல்தான். பட்டியலைக் குறைகூறிய மாணவிகள் அதைக் கொளுத்தவில்லை. அதில் இடம் கேட்டார்கள். எல்லோருக்கும் பொதுவானது என்று ஒன்றைப் பிரகடனம் செய்தால், அதில் தாங்கள் இல்லை என்று சுட்டிக்காட்டும் உரிமை எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

பங்குப் பிரிவினை

பொதுக்கல்விக்கு நேர்ந்த பெரிய கேடு கிளர்ச்சிக்காரர்களால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. அது சத்தமின்றி, பீடங்களின் கூட்ட அறைகளில் நிகழ்ந்தது. எந்தப் பாடம் கட்டாயமாகிறதோ அதற்கு மாணவர்கள் வருவார்கள். மாணவர்கள் வரும் துறைக்கு ஆசிரியர் நியமனங்களும் பணமும் வரும். எனவே ஒவ்வொரு துறையும் தனக்கொரு பங்கு கேட்கும். இறுதியில், பல துறைகளின் நூற்றுக்கணக்கான பாடங்களில் இருந்து வகைக்கு ஒன்றை மாணவர் பொறுக்கியெடுப்பதே பொதுக்கல்வி என்றாகிவிடும். ஹாவர்ட் 1978 இல் ஒரு திட்டத்தை ஏற்றது. 2007 இல் அதை மாற்றியது. பின்னர் அதையும் திருத்தியது. ஸ்டான்போர்ட் 1997, 2012, 2021 என்று மீண்டும் மீண்டும் புதிய வடிவங்களைத் தேடியது. பெயர்கள் மாறின. இரண்டு மாணவர்கள் ஒரே நூலைப் படித்துவிட்டு உணவுச்சாலையில் அதைப்பற்றி வாதிடும் நிலை பெரும்பாலான இடங்களில் திரும்பி வரவில்லை.

இங்கிலாந்தின் மரபு வேறு. அங்கு பல்கலைக்கழகம் என்றால் ஒரு துறையில் மூன்று ஆண்டுகள் என்பதே பொதுவிதி. அதை மீறிய முயற்சி ஒன்றுண்டு. 1949 இல் நிறுவப்பட்டு, பின்னர் கீல் பல்கலைக்கழகமாகிய கல்லூரியில், நான்கு ஆண்டுப் பட்டத்தின் முதலாண்டு முழுவதும் எல்லோருக்கும் பொதுவான அத்திபார ஆண்டாக இருந்தது. ஒக்ஸ்போர்ட் பேலியல் கல்லூரியின் முன்னாள் தலைவர் லின்ட்சே அதன் கர்த்தா. சி.பி. ஸ்னோ 1959 இல் 'இரு கலாசாரங்கள்' என்ற தனது உரையில், இலக்கியவாதிகளும் விஞ்ஞானிகளும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள முடியாதவர்களாகப் பிரிந்து நிற்பதைக் கண்டித்த காலத்தில் கீல் ஒரு முன்மாதிரியாகப் பேசப்பட்டது. ஆனால், மேலதிகமாக ஓர் ஆண்டைச் செலவிட நாளடைவில் யாரும் தயாராக இருக்கவில்லை.

இந்தியாவிலும் இந்தச் சிந்தனை எட்டிப்பார்த்தது. 1948 இல் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்வி ஆணைக்குழுவில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியாருடன் இரு அமெரிக்கர்களும் அங்கம் வகித்தனர். பட்டப்படிப்பில் பொதுக்கல்வி இடம்பெற வேண்டும் என்று அது 1949 இல் விதந்துரைத்தது. விதந்துரைகள் ஆவணங்களாகத் தங்கிப்போவது நமது பிராந்தியத்துக்குப் புதிதல்ல.

நாம் நிற்குமிடம்

வட்டுக்கோட்டையில் ஒரு காலத்தில் அமெரிக்க முறை வேரூன்றியிருந்த போதிலும், இலங்கையின் பல்கலைக்கழகக் கல்வி இங்கிலாந்தின் வழியிலேயே சென்றது. 1921 இல் தொடங்கிய கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பட்டங்களுக்கே மாணவர்களைத் தயார் செய்தது. 1942 இல் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமானபோதும் அந்த அடித்தளம் மாறவில்லை. நமது பிள்ளைகள் 16 வயதில், சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், கலையா, வர்த்தகமா, உயிரியலா, கணிதமா என்று தீர்மானிக்கிறார்கள். அன்று மூடப்படும் கதவுகளில் பெரும்பாலானவை பின்னர் திறப்பதில்லை. உயர்தரத்தில் 2000 ஆம் ஆண்டில் பொதுச் சாதாரண பரீட்சை என்றொன்று சேர்க்கப்பட்டது. 30 புள்ளிகள் பெற்றாற் போதும் என்ற நிலையில், பொது அறிவு என்பது கடைசி மாதத்தில் வழிகாட்டி நூலை வாங்கி ஒப்பேற்றும் காரியமாகிவிட்டது.

கலைப்பட்டதாரியாகப் பத்திரிகைத் துறைக்கு வந்தவன் நான். முதன்முதலாக வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி எழுதப் பணிக்கப்பட்டபோது, எனக்கு முன்னால் இருந்த அட்டவணைகள் என்னுடன் பேச மறுத்தன. அன்று அனுபவித்த வெட்கம் இன்றும் நினைவில் இருக்கிறது. பிற்காலத்தில் நான் சந்தித்த மருத்துவர்களிலும் பொறியியலாளர்களிலும் பலர், தங்கள் நாட்டின் அரசியலமைப்பைப் பற்றி நான் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி அறிந்திருந்த அளவுக்கே அறிந்திருந்தார்கள். நாங்கள் ஒருவரையொருவர் குறைகூற முடியாதவர்கள்.

இதைவிடவும் ஆழமான பிளவு ஒன்றும் உண்டு. 1960 அளவில் இருந்து நமது கலைப் பீடங்களில் சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம் என்று வகுப்புகள் பிரிந்தன. தாய்மொழியில் உயர்கல்வி கற்கும் உரிமை கிராமப்புறங்களின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் திறந்துவிட்டது. அதை ஒருபோதும் பழிக்கலாகாது. ஆனால், ஒரே விடுதியில் தங்கி, ஒரே உணவுச்சாலையில் உண்ட சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் ஒரே நூலைப் படித்து, அதைப்பற்றி ஒரே மேசையில் அமர்ந்து வாதிடாமலேயே பட்டம் பெற்றுச் சென்றார்கள். இரண்டு மொழிகளிலும் மொழிபெயர்த்துக் கொடுக்கக்கூடிய ஒரு பொது நூற்பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் அவசரமானதாகத் தோன்றவில்லை.

2009 இல் போர் முடிவடைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011 இல், பல்கலைக்கழகப் புதுமுக மாணவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு கட்டாயப் பயிற்சியை அரசாங்கம் அறிமுகம் செய்தது. தலைமைத்துவப் பயிற்சி என்று அதற்குப் பெயர். அது நடத்தப்பட்ட இடங்கள் இராணுவ முகாம்கள். அதன் உள்ளடக்கத்தைப் பற்றியும் இடத்தைப் பற்றியும் கல்விமான்கள் பலர் அப்போதே கேள்வி எழுப்பினார்கள். அது நிலைக்கவுமில்லை.

ஒரு போர் முடிந்த பின்னர் கொலம்பியாவின் ஆசிரியர்கள் இராணுவத்தின் பாடத்தை எடுத்து வகுப்பறைக்கு ஏற்றதாக மாற்றினார்கள். நமது போர் முடிந்த பின்னர் நாம் வகுப்பறைக்கு வரவேண்டிய மாணவர்களை இராணுவத்திடம் அனுப்பினோம். எல்லா மாணவர்களும் ஏதோ ஒன்றைப் பொதுவாகக் கற்க வேண்டும் என்ற தேவையை இரு நாடுகளுமே உணர்ந்தன என்பதை மறுப்பதற்கில்லை. யார் கற்பிப்பது, கேள்வி கேட்க மாணவனுக்கு இடமுண்டா என்பவற்றில்தான் வழிகள் பிரிந்தன.

பட்டியலில் எந்த நூல்கள் இருக்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. திருக்குறள் வேண்டும் என்போம். மகாவம்சம் வேண்டும் என்பார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, ஒரு தமிழ் மாணவி மகாவம்சத்தைப் பற்றியும் ஒரு சிங்கள மாணவன் திருக்குறளைப் பற்றியும் பேச, மருத்துவபீட மாணவரும் பொறியியல் மாணவரும் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கின்ற ஒரு முதலாம் ஆண்டு வகுப்பை நமது பல்கலைக்கழகங்கள் ஒன்றிலாவது காண வேண்டும் என்பது எனது நீண்டகால ஆசை. அதற்கு வேண்டியவை இரண்டு நல்ல மொழிபெயர்ப்புகளும் பொறுமையுள்ள சில ஆசிரியர்களும் ஒரு மேசையும் மட்டுமே.